கடைவீதிக்குள் கார் வரலாமா? வாக்கெடுப்புக்கு முன் ஒரு திறந்த மடல்

நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் கடைவீதி வணிகர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

நகரின் நடுவில் இருக்கும் கடைவீதியில் மறுபடியும் கார்களை விடலாமா, வேண்டாமா என்ற தீர்மானம் உங்கள் முன் வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக அது நடப்பவர்களுக்கு மட்டுமான தெரு. இன்று அங்கே வரிசையாக ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் கடைகளிலும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வாசலைப் பார்த்தபடியே இருக்கிறார். ‘கார் வந்தால்தான் ஆள் வரும்’ என்று ஒரு தரப்பு. ‘கார் வந்தால் இருக்கிற கொஞ்சம் பேரும் போய்விடுவார்கள்’ என்று இன்னொரு தரப்பு. கூட்டத்துக்குக் கூட்டம் இந்த இரண்டு வாக்கியங்களும்தான் மோதிக்கொள்கின்றன. இரண்டையும் சொல்பவர்கள் அந்தத் தெரு பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் கார்களுக்கு அந்தத் தெருவைத் திறக்காதீர்கள். அதே சமயம், இன்று இருக்கிறபடியே அதை விட்டுவைக்கவும் செய்யாதீர்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு வேறொன்றும் செய்யாமல் போனதுதான் அந்தத் தெருவுக்கு நேர்ந்த கேடு. அதே தவற்றைத் திருப்பிப் போட்டு, காரை உள்ளே விட்டுவிட்டு வேறொன்றும் செய்யாமல் போனால் நிலைமை மாறாது.

இந்த வாதம் புதிதல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959-இல் தன் நடுத்தெருவின் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடியது. அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். புறநகரில் பெரிய வணிக வளாகங்கள் எழும்பி, நகர நடுவிலிருந்து வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. வளாகத்துக்குள் நிம்மதியாக நடக்கிறார்கள் அல்லவா, நாமும் தெருவை அப்படியே ஆக்கிவிட்டால் திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த 20, 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 நகரங்கள் இதைப் பின்பற்றின. அவற்றில் பெரும்பாலானவை பிறகு தெருவை மறுபடியும் காருக்குத் திறந்துவிட்டன. கலமசூவே 1998-இல் ஒரு பகுதியைத் திறந்தது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் 1964-இல் நீரூற்றுகளும் சிற்பங்களுமாக அமைத்த நடைவீதி 2017-இல் கார் ஓடும் சாலையாகத் திரும்பியது.

இந்தக் கதையில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூன். கூரை போட்டுக் குளிரூட்டிய முதல் பெரிய வணிக வளாகத்தை மினியாப்பொலிஸ் அருகே வடிவமைத்தவர் அவர். அது 1956-இல் திறக்கப்பட்டது. கலமசூவுக்கும் ஃபிரெஸ்னோவுக்கும் நடைவீதித் திட்டம் போட்டுக் கொடுத்தவரும் அவரேதான். ஒரே கை நோயையும் தந்தது, மருந்தையும் எழுதித் தந்தது. புறநகர் வளாகம் வீடுகளும் நூலகமும் மருத்துவமனையும் சூழ்ந்த ஒரு சிறு நகரமாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் கனவு கண்டார். எழும்பியதோ கார் நிறுத்தும் வெளிக்கு நடுவே ஒரு பெட்டி. பிற்காலத்தில் இந்த வளாகங்களுக்குத் தன்னைத் தகப்பன் என்று சொல்லாதீர்கள் என்று வெளிப்படையாகவே மறுத்தார்.

வணிகர் சங்கத்தில் சிலர் இந்த அமெரிக்கக் கணக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். ‘பெரும்பாலானவை தோற்றன, ஆகவே நாமும் திறப்போம்’ என்கிறார்கள். தோற்றது உண்மை. ஏன் தோற்றன என்பதுதான் நமக்குப் பயன்படும்.

சிகாகோவின் ஸ்டேட் தெருவைப் பாருங்கள். 1979-இல் கார்களுக்குத் தடை போட்டார்கள். ஒன்பது பிளாக் நீளம், அதாவது ஒன்பது குறுக்குத்தெரு இடைவெளி. பேருந்துகள் மட்டும் ஓடின. இரண்டு பக்கமும் நடைபாதையை மிக அகலமாக்கினார்கள். விளைவு என்ன? முன்பு குறுகிய நடைபாதையில் தோளோடு தோள் உரசிப் போன அதே கூட்டம், அகலமான வெளியில் சிதறி, ஆளே இல்லாததுபோல் தெரிய ஆரம்பித்தது. ஆள் இல்லாத தெருவில் ஆள் நிற்பதில்லை. பேருந்துகளின் இரைச்சலும் புகையும் வேறு. 1996-இல் கார்கள் திரும்பி வந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நீளமும் அகலமும் கூட்டத்துக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். பிழைத்த தெருக்களைப் பாருங்கள். கொலராடோவின் போல்டர் நகரத்தில் 1977-இல் தொடங்கிய பேர்ள் தெரு, வெர்மாண்டின் பர்லிங்டனில் 1981-இல் தொடங்கிய சர்ச் தெரு, இரண்டுமே நான்கு பிளாக் நீளம்தான். இரண்டு ஊரிலும் பல்கலைக்கழகம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை, கடையில் ஒன்றும் வாங்க வேண்டியிராதவர்களும் அந்தத் தெருவுக்கு வரக் காரணம் இருக்கிறது. நம் கடைவீதியோ ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாத அளவுக்கு நீளம். அதில் எந்தப் பகுதியில் மக்கள் இன்னும் நிற்கிறார்கள், எந்தப் பகுதியைக் கடந்துபோக மட்டும் செய்கிறார்கள் என்று பாருங்கள். நிற்கிற பகுதியைக் காருக்கு விடாமல் காப்பாற்றுங்கள். மீதியைப் பற்றிப் பேசலாம். தெருவைக் குறுக்குவது தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை.

‘கார்களைத் திரும்ப விட்ட இடங்கள் செழித்துவிட்டனவே’ என்று கேட்பீர்கள். சில செழித்தன, உண்மைதான். வட கரோலினாவின் ராலி நகரம் 2006-இல் தன் நடைவீதியை மறுபடி சாலையாக்கியது. ஆனால் அதை ஒட்டியே புதிய மாநாட்டு மையமும் பெரிய ஓட்டலும் கட்டினார்கள். நகர நடுவில் குடியிருப்புகளும் எழுந்தன. சிகாகோவிலும் கார் திரும்பிய அதே காலத்தில் அந்தப் பகுதியில் கல்லூரி மாணவர்களும் குடியிருப்போரும் பெருகினார்கள். தெரு பிழைத்தது காரால்தானா, கூடவே வந்தவற்றாலா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நம்மிடம் இருக்கும் தீர்மானத்தில் கார் மட்டும்தான் இருக்கிறது. மாநாட்டு மையமும் இல்லை, குடியிருப்பும் இல்லை, மாணவர் விடுதியும் இல்லை. மற்றவர்களுடைய வெற்றியில் ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு முழுப் பலனையும் எதிர்பார்க்கிறோம்.

வணிகர்களிடம் இப்போது நேரடியாகப் பேசுகிறேன். உங்கள் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மாதம் பிறந்தால் வாடகை, சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை. இந்த விவாதத்தில் ஒவ்வொரு மாதமும் கைப்பணத்தை இழந்துகொண்டிருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதில் உங்கள் கண் உங்களை ஏமாற்றக்கூடும். பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் இதை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் காரில் வருவதாக வணிகர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். வந்தவர்களைக் கேட்டபோது 7 சதவீதத்தினர்கூட காரில் வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் 13 சதவீதம் இருப்பார்கள் என்று நினைத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தத் தூரத்துக்குள்ளிருந்துதான் வந்திருந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் முன்பே இதே கதைதான்: வணிகர்கள் சொன்னது 41 சதவீதம், உண்மையில் காரில் வந்தது 22 சதவீதம்.

இது ஏன் நடக்கிறது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி அலைந்து வந்தவர் கடைக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அது உங்கள் மனத்தில் பதிந்துவிடும். நான்கு தெரு தள்ளியிருந்து நடந்து வந்தவர் ‘நான் நடந்து வந்தேன்’ என்று யாரிடமும் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டு போய்விடுவார். போதாததற்கு, நீங்கள் பெரும்பாலும் காரிலோ டூவீலரிலோ கடைக்கு வருகிறவர்கள். தான் வருகிற விதமாகத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று நினைப்பது மனித இயல்பு.

ஐரோப்பாவோ அமெரிக்காவோ எப்படியும் இருக்கட்டும், நம் தெரு நம் தெருதான் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். அதனால்தான் கேட்கிறேன், நாமே எண்ணிப் பார்ப்போம். வாக்கெடுப்புக்கு முன் நம் கடைவீதியில் அந்த எண்ணிக்கையை எடுக்க வேண்டும். கடைக்குள் நுழைகிறவரிடம் இரண்டே கேள்வி: எங்கிருந்து வருகிறீர்கள், எப்படி வந்தீர்கள். வாரநாளிலும் விடுமுறை நாளிலும், காலையிலும் மாலையிலும். செலவு பெரிதாக ஆகாது. முடிவு எப்படி வந்தாலும் அதை முழுதாக வெளியிட வேண்டும். நான் நினைப்பதற்கு நேர்மாறாக, பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள் என்று தெரிந்தால், என் வாதத்தின் பாதி அங்கேயே விழுந்துவிடும். அதற்கு நான் தயார்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். தெருவைத் திறந்து ஓரமாக 40 கார் நிறுத்த இடம் விடுவதாக வைத்துக்கொள்வோம். கடை நாளுக்கு 10 மணி நேரம் திறந்திருக்கும். ஒவ்வொரு காரும் ஒரு மணி நேரம் நின்றால், ஒரு நொடிகூட இடம் காலியாக இல்லாமல் நிறைந்தாலும், நாளுக்கு 400 கார். நடைமுறையில் இது பாதியாகிவிடும். அதிலும் காலை எட்டரை மணிக்கு யார் முதலில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடையைத் திறக்க வரும் முதலாளியும் ஊழியர்களும்தான். வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டு ஷட்டரைத் தூக்கினால் அந்த வண்டி இரவுதான் நகரும். பத்து வாடிக்கையாளருக்கு உதவ வேண்டிய இடம் ஒரே ஒருவருக்கு ஷெட் ஆகிவிடும். கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் பழைய கடைப்பகுதியில் நடந்தது இதேதான். அங்கே இலவச நிறுத்தத்துக்கு இரண்டு மணி நேர வரம்பு இருந்தது. கடைக்காரர்களும் ஊழியர்களும் இடையிடையே வந்து வண்டியை நகர்த்தி நகர்த்தி நாள் முழுவதும் அங்கேயே நிறுத்தினார்கள். வாடிக்கையாளருக்கு இடமில்லை. 1993-இல் மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தை நகரத்தின் பொது நிதியில் கரைய விடாமல் அதே பகுதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவழித்தார்கள். வணிகர்கள் எதிர்ப்பைக் கைவிட்டதற்கு அதுதான் காரணம். இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் டொனால்ட் ஷூப் என்ற பொருளாதார அறிஞர். கடை ஓரத்து இடங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் நிறைந்து, எப்போதும் ஓரிரு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல்.

ஆக, நிறுத்த இடம் வேண்டும் என்ற கோரிக்கையை நான் தள்ளவில்லை. அது கடைவீதிக்கு உள்ளே இருக்க வேண்டியதில்லை. முனைகளில், பின் தெருக்களில், இரண்டு மூன்று நிமிட நடையில் இருந்தால் போதும். அங்கிருந்து வரும் குறுக்குச் சந்துகளில் வெளிச்சம் வேண்டும், தரை சீராக இருக்க வேண்டும். இப்போது அந்தச் சந்துகளில் குப்பைத் தொட்டிகளும் ஏசி யூனிட்களின் வெப்பக் காற்றும்தான் நம்மை வரவேற்கின்றன. நிறுத்துமிடம் பக்கத்திலேயே இருந்தும் தூரமாகத் தோன்றுவதற்கு அந்தச் சந்துதான் காரணம்.

இப்போது, காரே கூடாது என்று பிடிவாதமாக நிற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் உங்கள் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். ஆனால் இன்று அந்தத் தெரு இருக்கிற நிலையைப் பாதுகாக்க வேண்டிய சாதனையாகப் பேசாதீர்கள். காலை நேரத்தில் ஒருமுறை முனையில் நின்று பாருங்கள். லோடு வண்டி உள்ளே போக முடியாது. டிரைவர் அட்டைப்பெட்டிகளை இறக்கி அடுக்குகிறார். கடைப்பையன் சின்னச் சக்கரத் தள்ளுவண்டியில் ஆறேழு பெட்டியை ஏற்றி, பெயர்ந்துபோன கற்களின் மேல் தடதடவென்று தள்ளுகிறான். ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறு கையால் மேல் பெட்டி விழாமல் தாங்கியபடி போகிறான். ஒரு சக்கரம் இடுக்கில் சிக்குகிறது. இப்படிப் பத்து நடை. கடை தெருவின் நடுவில் இருந்தால் அந்த நாளின் முதல் ஒரு மணி நேரம் இதிலேயே போகிறது. உலகின் பெரும்பாலான நல்ல நடைவீதிகளில் காலையில் குறிப்பிட்ட நேரம்வரை சரக்கு வண்டிகளை உள்ளே விடுகிறார்கள். கூட்டம் வருவதற்கு முன் அவை போய்விட வேண்டும், அவ்வளவுதான். டெல்லியின் சாந்தினி சவுக்கில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை, மற்ற நேரத்தில் அனுமதி என்று வைத்திருக்கிறார்கள். தெருவுக்கு எந்த மணிக்கு எது என்ற ஒரு நேர அட்டவணை வேண்டும். நாள் முழுவதும் ஒரே விதி என்பது சட்டம் எழுதுபவருக்கு எளிது, கடை நடத்துபவருக்குக் கொடுமை.

முழங்கால் வலியோடு வருபவர்களையும் நினைத்துப் பாருங்கள். கார் இல்லாத தெரு நடக்க முடிந்தவர்களுக்குச் சொர்க்கம். நூறு அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டியவருக்கு, சாய்மானம் இல்லாத கல் திண்ணையைத் தவிர ஒன்றும் இல்லாத நீண்ட வெளி என்பது மூடிய கதவுதான். சக்கர நாற்காலியில் வருபவரை ஏற்றிவந்த வண்டி எங்கே நிற்க வேண்டும்? இதற்கு இன்றுவரை எந்த ஏற்பாடும் இல்லை. அவர்களுடைய வாகனத்துக்கு எந்த நேரத்திலும் அனுமதி இருக்க வேண்டும். முனையில் பேருந்து நிறுத்தமும் ஆட்டோ நிற்கும் இடமும் நிழலோடு வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழையத் தடையில்லாத ஒரு பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதில் கடைப் பொருட்கள் பரவக் கூடாது. இவற்றையெல்லாம் செய்யாமல் ‘நடப்பவர்களின் தெரு’ என்று பெயர்ப்பலகை வைத்தால் யாருக்கு என்ன பயன்?

முழுக்கத் திறப்பது, முழுக்க மூடுவது என்ற இரண்டே வழிதான் இருப்பதுபோலக் கூட்டங்களில் பேசுகிறோம். நடுவில் நிறைய இருக்கிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரம் 1977-இல் தன் நகர நடுவை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. எந்தப் பகுதிக்கும் காரில் போகலாம். ஆனால் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேராகக் கடக்க முடியாது. வெளிவட்டச் சாலைக்குத் திரும்பிப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். வேலை இருப்பவர் வருகிறார். குறுக்குவழி தேடுபவர் வருவதில்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017-இல் இதே வழியைப் பின்பற்றியது. நமக்கு ஆகாத கார் இந்தக் குறுக்குவழிக் கார்தான். தெருவை இரு முனையும் திறந்துவிட்டால் முதலில் வந்து நிறைவது அதுதான். சிக்னலில் நிற்காமல் தப்பிக்க நம் கடைகளின் வாசல் வழியாக ஓடும். ஒரு பொருளும் வாங்காது. ஹாரன் அடிக்கும். குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பெற்றோர் அவசரமாக நடப்பார்கள். அவசரமாக நடப்பவர் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைப் பார்ப்பதில்லை.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் செய்தது வேறு வகை. காரை முழுதாக வெளியேற்றாமல், ஓடும் பாதையைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கினார்கள். கலிபோர்னியாவின் லங்காஸ்டர் நகரம் 2010-இல் தன் நடுச்சாலையின் மையத்தில் மரங்களும் உட்காரும் இடங்களும் கொண்ட அகலமான மேடையை அமைத்து, சிக்னல்களை எடுத்துவிட்டு, கார்கள் மெதுவாக மட்டுமே ஊர முடியும்படி செய்தது. மூடிக் கிடந்த கடைகள் அங்கே திறந்தன. எனவே கார் என்றாலே நாசம் என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு வேகத்தில், எந்த வழியில், எந்த நேரத்தில், யாருக்காக என்பதுதான் முக்கியம். மன்றம் திறப்பது என்றே முடிவெடுத்தால், குறைந்தது இவற்றையாவது தீர்மானத்திலேயே எழுதுங்கள்: ஒரே ஒரு வழித்தடம், ஒருவழிப் பாதை, மறுமுனைக்கு நேராகக் கடந்துபோக முடியாத அமைப்பு, நடை வேகத்தைச் சற்றே தாண்டும் வேகம், அதுவும் அறிவிப்புப் பலகையால் அல்ல, தரையின் அமைப்பாலேயே. அகலமான தார்ச்சாலை போட்டுவிட்டு ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதி வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு வண்டியும் கேட்பதில்லை.

இனி, கார் விவாதத்தின் சத்தத்தில் அடிபட்டுப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தெருவை உண்மையில் கொன்றுகொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரவு கடை அடைத்தபின் தலையைத் தூக்கி மேல் மாடிகளைப் பாருங்கள். ஒரு ஜன்னலிலும் விளக்கு இல்லை. ஒரு காலத்தில் கடைக்கு மேலே வீடு, அலுவலகம், டியூஷன், மருத்துவர் என்று இருந்தது. கடையின் முகப்பை அகலமாக்க மாடிப்படியை இடித்துவிட்டார்கள். பல நாடுகளின் பழைய கடைத்தெருக்களிலும் நடந்த கதைதான் இது. படியே இல்லாதபோது மாடியில் யார் குடியிருப்பார்கள்? கீழ்க்கடையின் காலி அட்டைப்பெட்டிகளை வைக்கும் கிடங்காக மாடி ஆகிவிட்டது. மாடியில் குடியிருப்பவர் இரவிலும் தெருவில் நடப்பார், மழையிலும் நடப்பார், தள்ளுபடி இல்லாத மாதத்திலும் வாங்குவார். அவருடைய ஜன்னல் வெளிச்சம் இருப்பதால் மற்றவர்களும் அச்சமின்றி நடப்பார்கள். கடைவீதி என்பதைக் கடைகள் மட்டுமே இருக்கும் தெருவாக்கியதில் எட்டு மணிக்கு மேல் அது யாருக்கும் சொந்தமில்லாத தெருவாகிவிட்டது. காரை விட்டால் இது மாறுமா? கடை மூடியபின் கார் எதற்கு அங்கே வரப்போகிறது?

அடுத்தது வாடகை. ஆண்டுக்கணக்கில் காலியாக இருக்கும் கடைக்கு உரிமையாளர் ஏன் வாடகையைக் குறைப்பதில்லை என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. வணிகக் கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது அதற்கு என்ன வாடகை வரும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். அந்த மதிப்பின் மேல்தான் கடன் நிற்கிறது. குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் எழுதினால் கட்டடத்தின் மதிப்பே குறைந்ததாகப் பதிவாகும். காலியாக வைத்திருந்தால், பழைய வாடகை ‘எப்போதாவது வரும்’ என்று காகிதத்தில் உயிரோடு இருக்கும். உரிமையாளருக்கு இது கட்டுப்படியாகிறது. பக்கத்துக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை, ஏனென்றால் இரண்டு மூடிய ஷட்டர்களுக்கு நடுவில் இருக்கும் கடையைத் தேடி யாரும் வருவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நகர மக்கள் 2020-இல் வாக்களித்து, கடைத்தெருக்களில் நீண்ட நாள் காலியாகக் கிடக்கும் தரைத்தளக் கடைகளுக்குத் தனி வரி கொண்டுவந்தார்கள். அதையே இங்கும் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் காலிக் கடைகளின் பட்டியலை எடுத்து, அவற்றின் உரிமையாளர்களை அழைத்து, குறுகிய கால வாடகைக்காவது விடச் சொல்லி, மன்றம் இதுவரை ஒரு கூட்டமாவது நடத்தியதுண்டா? கார் பற்றி எத்தனை கூட்டம் நடத்திவிட்டீர்கள்!

சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடைகள் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் ஆளுக்கொன்றாக இருந்தால், ஒரு சுற்று வந்து நான்கு வேலை முடிக்கலாம் என்று வருபவர் இரண்டாவது கடையிலேயே ஏமாந்து திரும்புவார். வணிக வளாகங்கள் நம்மைத் தோற்கடிப்பதற்குக் கார் நிறுத்தம் ஒரு காரணம்தான். எந்த நேரத்தில் போனாலும் எல்லாக் கடையும் திறந்திருக்கும், சுத்தமான கழிப்பறை இருக்கும், உட்கார இடம் இருக்கும் என்ற உறுதி அதைவிடப் பெரிய காரணம். நம் கடைவீதியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒரு கடைக்காரரைக் கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்ணும், சர்க்கரை நோய் உள்ளவரும், சிறு குழந்தையோடு வருபவரும் அந்த ஒரு காரணத்துக்காகவே அரை மணி நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். இதற்குக் காரும் தடையில்லை, கார் இல்லாததும் தடையில்லை.

எதைச் செய்தாலும் முதலில் சோதித்துப் பார்த்துச் செய்யுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1972-இல் மேயர் ஜெய்மி லெர்னர் நகரின் முக்கியத் தெருவை ஒரு வார இறுதியில், 72 மணி நேரத்தில், நடைவீதியாக்கினார். வணிகர்கள் நீதிமன்றம் போவதாக இருந்தார்கள்; அதற்குள் வேலையை முடித்துவிட்டார். மக்கள் அங்கே நடக்க ஆரம்பித்ததைப் பார்த்தபின் எதிர்ப்பு அடங்கியது. கார் ஓட்டுநர்கள் அடுத்து வந்து தெருவை மீட்கப்போவதாகச் சொன்னபோது, குழந்தைகளை வரவழைத்து நீளமான தாள்களைத் தெருவில் விரித்து ஓவியம் வரைய விட்டார்கள். கேட்க அழகான கதை. ஆனால் அந்த வழியை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்சியாளர் முடிவெடுத்து ஒரே இரவில் மாற்றுவது அன்றைய பிரேசிலில் நடந்தது. எனக்குப் பிடித்தது கோபன்ஹேகன். அங்கே ஸ்ட்ரோகெட் என்ற தெருவை 1962-இல் சோதனையாகத்தான் மூடினார்கள். குளிர் நாட்டில் வெளியில் யார் உட்காருவார்கள் என்று செய்தித்தாள்களும் வணிகர்களும் கேட்டார்கள். மக்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். பிறகுதான் நிரந்தரமாக்கினார்கள். சுற்றியுள்ள தெருக்களையும் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சேர்த்தார்கள். வியன்னாவின் மரியாஹில்ஃபர் தெருவிலும் முதலில் சோதனை, பிறகு 2014-இல் அந்தத் தெருவை ஒட்டிய இரு வட்டாரத்து மக்களிடம் வாக்கெடுப்பு. 53 சதவீதம் ஆதரவு. மயிரிழைதான். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்ததால் அது நின்றது.

சோதனை என்றால் இரண்டு வாரம் தடுப்புக் கம்பியை நகர்த்திவைத்துப் பார்ப்பது போதாது. கூட்டம் நிறையும் மாதங்களும் மந்தமான மாதங்களும் சேர்ந்த ஒரு முழு ஆண்டு வேண்டும். எதை வைத்து வெற்றி, எதை வைத்துத் தோல்வி என்று தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். எத்தனை பேர் தெருவில் இருந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், எத்தனை கடை புதிதாகத் திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை விபத்து. விற்பனை விவரத்தைப் பெயர் இல்லாமல் தர வணிகர்கள் முன்வந்தால் இன்னும் நல்லது. இப்படி எழுதிவைக்காவிட்டால், ஆண்டு முடிவில் இரு தரப்பும் ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்றுதான் சொல்லும்.

ஆகவே வரும் கூட்டத்தில் ‘திறப்பதா, மூடுவதா’ என்று வாக்கெடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, எண்ணிக்கை எடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். சரக்கு வண்டிக்கும் மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்கும் உடனே நேரமும் வழியும் ஒதுக்குங்கள். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம். காலிக் கடைகளின் உரிமையாளர்களை அழைத்துப் பேச ஒரு தேதி குறியுங்கள். எண்ணிக்கை கைக்கு வந்தபின் எந்தப் பகுதி காரில்லாமல் இருக்கட்டும், எந்தப் பகுதியில் மெதுவான வண்டிக்கு இடம் தரலாம் என்று வரைபடத்தை விரித்துவைத்துப் பேசுவோம்.

முனையில் நின்று எண்ணுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். கார் வேண்டும் என்று கேட்பவர் ஒருவரும் வேண்டாம் என்பவர் ஒருவரும் ஒரே தாளில் சேர்ந்து எண்ணினால், பிறகு அந்த எண்ணைப் பற்றி யாரும் சண்டை போட மாட்டார்கள். சங்கத்திலிருந்து யாரை அனுப்புகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடைவீதிக்கு நடந்து வரும் ஒரு வாடிக்கையாளர்